வெற்றி யாருடையது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் சமவெளி உழைப்பாளிகளின் நிலம் ஆகும். சேர்வராயன் மலையும் கஞ்சமலையும் கொல்லிமலையும் காவல் நிற்க, இடையே சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் புன்செய்க் காடுகள் விரிந்து காணப்படுகின்றன. ஊருக்குள் நுழைந்தால் தறிகளின் ஓசை கேட்கும்; நெடுஞ்சாலைக்கு வந்தால் லாரிகளின் வரிசை தோன்றும். அந்தி சாயும் வேளையில் இவ்வூர்களின் பள்ளித் திடல்களிலிருந்து மற்றோர் ஓசையும் எழுகின்றது. கபடியும் கைப்பந்தும் கூடைப்பந்தும் கிரிக்கெட்டும் ஆடும் மாணவர்களின் ஆரவாரமே அது.

அத்தகைய பள்ளி ஒன்றின் கூடைப்பந்துக் குழு கோப்பை வென்று திரும்பியது என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், மிகுந்த புள்ளிகள் ஈட்டிய மாணவனை மேடைக்கு அழைக்கின்றனர். "நம் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தவன் இவனே" என்று அறிவிக்கின்றனர். கரவொலி வானைப் பிளக்கின்றது. வரிசையின் நடுவே நின்று கைதட்டுபவர்களுள் மற்றொரு மாணவனும் உளன். அவனும் அக்குழுவில் ஆடியவனே. எதிரணியின் வலிமை மிக்க ஆட்டக்காரனை ஆட்டம் முழுவதும் நிழல்போல் தொடர்ந்து மறித்தவன் அவன். பந்தைப் பறித்துப் பறித்து நண்பனின் கையில் சேர்த்தவனும் அவனே. ஆயினும் புள்ளிப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே நிற்பது 2 என்னும் எண் ஒன்றுதான். நண்பன்மீது அவனுக்குப் பொறாமை இல்லை. ஆனால், நெஞ்சின் ஓரத்தில் ஒரு முள் தைக்கின்றது. 'கோப்பையை அவன் வாங்கித் தந்தான் என்றால், நான் செய்தது என்ன?' என்னும் வினாவே அம்முள்.

இவ்வினாவைச் சிறுவனின் மனக்குறை என்று தள்ளிவிடுதல் தகாது. பலர் கூடிச் செய்யும் செயல் ஒவ்வொன்றின் முடிவிலும் இவ்வினா காத்து நிற்கின்றது. பலரால் வந்த வெற்றியில் புகழ் பெற்ற ஒருவருக்கு உரிய பங்கு எவ்வளவு? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இச்சமவெளியிலேயே நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு.

2021 சனவரித் திங்களில் ஒரு நாள், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூர் திருவிழாக் கோலம் பூண்டது. மேளதாளம் முழங்க, தெருவெல்லாம் மக்கள் நெருக்கி நிற்க, அலங்கரித்த வண்டி ஒன்றில் இளைஞர் ஒருவர் ஊர்வலமாக அழைத்து வரப்பட்டார். அவர்தாம் இடக்கைப் பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன். ஆஸ்திரேலிய நாட்டில் இந்திய அணி பெற்ற அரிய வெற்றியில் பங்கு கொண்டு அவர் ஊர் திரும்பிய நாள் அது.

அவ்வெற்றியின் அருமையை முதலில் அறிதல் வேண்டும். 2020 திசம்பரில் அடிலெய்டில் நடந்த முதல் டெஸ்டு ஆட்டத்தில், இந்திய அணி இரண்டாம் முறை ஆடியபோது 36 ஓட்டங்களே எடுத்துப் படுதோல்வி அடைந்தது. அதன்பின் அணித்தலைவர் விராட் கோலி, தமக்குக் குழந்தை பிறக்கவிருந்தமையால் தாயகம் திரும்பினார். அஜிங்கிய ரகானே தலைமை ஏற்றார். மெல்போர்னில் இந்தியா வென்றது; சிட்னியில் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இதற்கிடையே ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றனர். பிரிஸ்பேன் நகரின் காபா திடலில் இறுதி ஆட்டம் தொடங்கியபோது பும்ரா இல்லை, அசுவின் இல்லை, ஜடேஜாவும் இல்லை. அத்திடலிலோ 1988-க்குப் பின் ஆஸ்திரேலிய அணி ஒரு டெஸ்டிலும் தோற்றதில்லை.

இந்நிலையில் களத்தில் இறக்கப்பட்டவர்தாம் நடராஜன். அவர் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆடுவதற்காக அன்று. வலைப்பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து வீசுவதற்காகவே ஆகும். பிறர் காயமுற்றமையால் அவருக்கு வழி திறந்தது. 2020 திசம்பர் 2-இல் ஒருநாள் ஆட்டத்திலும், 4-இல் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 சனவரி 15-இல் டெஸ்டு ஆட்டத்திலும் அவர் முதன்முறையாகக் களம் கண்டார். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அடியெடுத்து வைத்த முதல் இந்தியர் அவரே. இந்திய அணி அந்த டெஸ்டில் 328 ஓட்டங்கள் என்னும் இலக்கை 7 விக்கெட்டுகளை இழந்து கடந்து, தொடரை 2-1 என்னும் கணக்கில் வென்றது.

ஊர்வலம் முடிந்து மேளம் ஓய்ந்ததும், இத்தகைய வெற்றிகளின்பின் எங்கும் எழும் வழக்கு இங்கும் எழக்கூடியதே. அவ்வழக்கின் இரு பக்கங்களையும் கேட்டல் தகும்.

ஒரு சாரார் கூறுவர்: "நடராஜனின் தந்தை தறிக்கூடத்துக் கூலித் தொழிலாளி, தாய் சாலையோரத்தில் சிற்றுண்டிக் கடை நடத்தியவர். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிசுப் பந்தில். 2015-இல் தமிழக அணிக்காக முதன்முதல் ஆடியபோது, அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது எனக் கூறப்பட்டது. அவர் மனம் தளராது, வீசும் முறையையே மாற்றிக் கற்றார். இத்தனை தடைகளைத் தாண்டி வந்தவர் முதல் டெஸ்டின் முதல் பகுதியில் 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 108 ஓட்டங்கள் எடுத்து நிலைத்து நின்ற லபுஷேனை வெளியேற்றியவர் அவரே. எனவே, வெற்றிப் புகழில் பெரும் பங்கு அவருக்கே உரியது."

மற்றொரு சாரார் மறுப்பர்: "அவர் உழைப்பை யாரும் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், கணக்கு என்று ஒன்று உண்டு அன்றோ? நான்கு டெஸ்டுகளுள் அவர் ஆடியது ஒன்றில்தான். அதிலும் இரண்டாம் பகுதியில் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அப்போது 5 விக்கெட்டுகள் எடுத்தவர் முகமது சிராஜ்; 4 எடுத்தவர் சர்துல் தாகூர். முதல் பகுதியில் 186 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்ந்தபின், தாகூரும் வாசிங்டன் சுந்தரும் இணைந்து 123 ஓட்டங்கள் சேர்த்து அணியைக் காத்தனர். இறுதி நாளில் சுப்மன் கில் 91 ஓட்டங்கள் எடுத்தார். ரிசப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 எடுத்து வெற்றியை முடித்தார். ஆட்ட நாயகனாக அறிவிக்கப்பட்டவரும் பந்த் அன்றோ?"

இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு; குறையும் உண்டு. முதற் சாரார் ஒருவர் கடந்து வந்த பாதையின் அருமையையும், அவர் ஓர் ஆட்டத்தில் செய்த செயலின் அளவையும் ஒன்றாகக் கலந்துவிட்டனர். பாதையின் அருமை போற்றத்தக்கதே. ஊரார் வண்டி அலங்கரித்தது பெரும்பாலும் அதற்காகவே எனலாம். ஆனால், அதைக்கொண்டு சிராஜின் விக்கெட்டுகளையோ பந்தின் ஓட்டங்களையோ குறைத்தல் இயலாது. இரண்டாம் சாராரின் குறை வேறு வகையானது. அவர்கள் எண்களைக் கண்டனர். எண்களுக்குள் இருப்பதைக் காணவில்லை.

நடராஜன் விக்கெட் எடுக்காத அந்த இரண்டாம் பகுதியையே சற்று நெருங்கி நோக்குதல் வேண்டும். அதில் அவர் 14 ஓவர்கள் வீசி 41 ஓட்டங்களே கொடுத்தார். அன்று பந்து வீசிய ஐவருள் ஓவருக்கு மிகக் குறைந்த ஓட்டங்கள் கொடுத்தவர் அவரே. மேலும், முதல் பகுதியிலேயே நவ்தீப் சைனி காயமுற்றதனால், அவர் வீச வேண்டிய ஓவர்களின் சுமை மற்ற நால்வர்மீதும் விழுந்தது. ஒரு முனையில் ஓட்டங்கள் வறண்டால், மட்டையாளர் பொறுமை இழந்து மறுமுனையில் துணிந்து அடிக்க முற்படுவார்; விக்கெட் அங்கே விழும். அவ்விக்கெட் எழுதப்படுவது மறுமுனையில் வீசியவர் பெயரில். கிணற்றில் நீர் இறைப்பவன் ஒருவன், மடைமாற்றி விடுபவன் ஒருவன் ஆனால், பயிர் செழிக்கையில் இருவரையும் நினைத்தல்தானே முறை?

இதே நேர்மையை மற்றவர்களுக்கும் காட்டுதல் வேண்டும். அவ்விறுதி நாளில் சேதேசுவர் புஜாரா எடுத்தவை 56 ஓட்டங்கள். அவற்றை எடுக்க அவர் எதிர்கொண்ட பந்துகள் 211. விரைந்து வந்த பந்துகள் பலமுறை அவர் உடலில் தாக்கின. அவர் அசையாது நின்றமையால் எதிரணியின் வீச்சாளர்கள் களைத்தனர். பின்னர் வந்த பந்த் அடித்து ஆடினார். பட்டியலில் 89 பெரிது, 56 சிறிது. ஆனால், அந்த 56 இல்லையேல் அந்த 89-க்கு இடம் இருந்திருக்குமோ என்பது எண்ணத்தக்கது.

இனி, முதலிற் கண்ட மாணவன் ஆடிய கூடைப்பந்துக்கு வரலாம். அவ்வாட்டத்தில் உலகம் கண்ட பெருவீரருள் ஒருவர் அமெரிக்க நாட்டு மைக்கேல் ஜோர்டான். 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் பாஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தில் அவர் ஒருவரே 63 புள்ளிகள் எடுத்தார். காண்போர் வியந்தனர். ஆனால், வென்றது பாஸ்டன் அணி. ஜோர்டான் ஆடிய சிகாகோ அணி 131-க்கு 135 என்னும் கணக்கில் தோற்றது. 1984-இல் அவ்வணியில் சேர்ந்த அவர் முதல் சாம்பியன் பட்டம் பெற்றது 1991-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவர் திறமை குறைந்திருக்கவில்லை. அவரோடு தோள் கொடுக்கும் ஆட்டக்காரர்களும், அனைவரையும் இணைக்கும் பயிற்சியாளரும் அமையும்வரை பட்டம் கைக்கு எட்டவில்லை.

அப்படியாயின், புகழ் முழுவதும் தோழர்களுக்கே உரியதோ எனின், அதுவும் அன்று. 1993-இல் ஜோர்டான் ஆட்டத்திலிருந்து விலகினார். அவர் இருந்த முந்தைய பருவத்தில் 57 ஆட்டங்களை வென்ற சிகாகோ அணி, அவர் இல்லாத பருவத்திலும் 55 ஆட்டங்களை வென்றது. தோழர்கள் வெறும் அணிகலன்கள் அல்லர் என்பதற்கு இது சான்று. ஆயினும், அவ்வாண்டு அவ்வணியால் இறுதிப் போட்டியை எட்ட இயலவில்லை. அவர் 1995-இல் திரும்பி வந்தபின், 1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் மீண்டும் அவ்வணியைச் சேர்ந்தது. அவர் இன்றியமையாதவர் என்பதற்கு இது சான்று. 'அவர் ஒருவரே வென்றார்' என்பது ஒரு பிழை. 'அவர் இல்லாவிடினும் வென்றிருப்பர்' என்பது மற்றொரு பிழை. இரண்டு பிழைகளும் அளவில் ஒத்தவையே.

சாதாரண அறிவுக்கு இது புதிராகத் தோன்றும். எனினும், இச்சமவெளியின் நெசவாளர் எவரையேனும் அணுகினால் புதிர் அவிழ்ந்துவிடும். சேலை ஒன்று உருவாவதற்குப் பாவு வேண்டும், ஊடை வேண்டும். நூலுக்குச் சாயம் ஏற்றுபவர் ஒருவர். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி இடுபவர் சிலர். தார் சுற்றிக் கொடுப்பவர் ஒருவர். தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர். முடிந்த சேலையைக் காட்டி, 'இதில் பாவின் பங்கு நூற்றுக்கு எத்தனை? ஊடையின் பங்கு எத்தனை?' என்று கேட்டால், நெசவாளர் நகைப்பார். பாவை உருவிவிட்டால் பாதிச் சேலை எஞ்சுவதில்லை, நூற்குவியலே எஞ்சும். ஆனால், 'இந்தக் கரையை நெய்த கை எது? இந்தச் சாயத்தை ஏற்றிய கை எது?' என்று கேட்டால், அவர் தயங்காமல் விடை கூறுவார்.

இங்குத்தான் வழக்கின் முடிச்சு அவிழ்கின்றது. செயல் வேறு, வெற்றி வேறு. செயலுக்கு உரியவர் இன்னார் என்று சுட்டலாம், அளக்கலாம், அதற்குரிய புகழை ஒரு சிறிதும் குறையாமல் அவருக்கே அளித்தலும் வேண்டும். லபுஷேனின் விக்கெட் நடராஜனுடையது. 89 ஓட்டங்கள் பந்துடையவை. 63 புள்ளிகள் ஜோர்டானுடையவை. ஆனால், வெற்றி என்பது அச்செயல்கள் எல்லாம் பின்னிப் பிணைந்து உண்டான ஆடை. அதனைக் கத்தரித்துப் பங்கிடப் புகுந்தால், எவர் கையிலும் ஆடை இராது, துணுக்குகளே இருக்கும். அது கிழிபடாமல் முழுமையாக அணி முழுவதற்கும் உரியதாக இருத்தலே அதன் இயல்பு.

ஆயினும், மக்களின் நா பல பெயர்களைச் சுமக்க மறுக்கின்றது. ஒரு பெயரையே அது விரும்புகின்றது. சின்னப்பம்பட்டி உள்ள அதே மாவட்டத்தில், காவிரியின் குறுக்கே எழுந்து நிற்கும் மேட்டூர் அணை இதற்குச் சான்று. 1925-இல் தொடங்கிய கட்டுமான வேலை 1934-இல் நிறைவுற்றது. அந்த நீர்த்தேக்கத்துக்கு அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை இட்டனர். திட்டம் வகுத்த பொறியாளர் எல்லிஸ் என்பார். பதினாறு கண் மதகு எனப்படும் உபரிநீர்ப் போக்கி அவர் பெயரைத் தாங்குகின்றது. கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், வெயிலில் நின்று அடுக்கியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கண்ணிலும் எழுதப்படவில்லை. ஆயினும், அணை தேக்கும் நீரில் அவர்கள் உழைப்பும் நிற்கின்றது. பெயர்ப்பலகை பொய் சொல்வதில்லை. ஆனால், அது உண்மை முழுவதையும் சொல்வதும் இல்லை. பலகையில் எழுதப்படாததைப் படிக்கக் கற்பதே கல்வியின் பயன்களுள் ஒன்று.

புகழ் பெற்றவர்களுள் சிறந்தவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருக்கின்றனர். 2020 திசம்பரில் ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது ஓவர் தொடரில் ஹர்திக் பாண்டியா தொடர் நாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று ஆட்டங்களில் 6 விக்கெட்டுகள் எடுத்திருந்த நடராஜனுக்கே அச்சிறப்பு உரியது என்று கூறி, அவர் தமக்குக் கிடைத்த பரிசை நடராஜனின் கையில் கொடுத்தார். காபா வெற்றிக்குப்பின் அணித்தலைவர் ரகானே, வென்ற கோப்பையை அணியின் புதியவரான நடராஜனிடம் அளித்து அவரை முன்நிறுத்தினார். நடராஜனோ, ஐ.பி.எல். ஆட்டங்களில் அணிந்த மேற்சட்டையில், ஊரில் தம்மைக் கைதூக்கி விட்டவரின் பெயரின் முதலெழுத்துகளைத் தம் பெயரோடு சேர்த்துப் பொறித்துக்கொண்டவர். பின்னர் அவர் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட்டுத் திடல் ஒன்றை அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. டென்னிசுப் பந்தோடு திரியும் அவ்வூர்ச் சிறுவர்களுக்கு அவர் திருப்பிக் கொடுத்த பங்கு அது.

ஜோர்டானின் வாழ்விலும் இத்தகைய ஒரு கணம் உண்டு. 1997 சூன் 13-ஆம் நாள் பட்டத்துக்கான ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. இரு அணிகளும் 86 புள்ளிகளோடு சமமாக நின்றன. அதுவரை 39 புள்ளிகள் எடுத்திருந்த ஜோர்டானின் கையில் பந்து இருந்தது. எதிரணியினர் இருவர் அவரைச் சூழ்ந்தனர். தாமே எறிந்து புகழ் கொள்ள அவர் முற்படவில்லை. தனித்து நின்ற ஸ்டீவ் கெர் என்னும் தோழருக்குப் பந்தை அளித்தார். கெர் எறிந்தார், பந்து கூடையில் விழுந்தது, சிகாகோ அணி வென்றது. மிகச் சிறந்த வீரரின் மிகச் சிறந்த செயல், சில வேளைகளில், பந்தைத் தம் கையிலிருந்து விடுவதாகவும் அமையும்.

இனி, வழிபாட்டுக் கூட்டத்தில் நெஞ்சில் முள் தைக்க நின்ற மாணவனிடம் திரும்பலாம். அவன் வினாவுக்கு விடை உண்டு. நண்பன் எடுத்த புள்ளிகள் நண்பனுடையவை. அவற்றுக்காக நண்பனை மனமாரப் புகழ்தல் அவன் கடமை. அவன் பறித்த பந்துகளும் மறித்த வழிகளும் அவனுடையவை. எவரும் எழுதாமையால் அவை நிகழாதவை ஆகிவிடுவதில்லை. கோப்பையோ இருவருக்கும், அவர்களோடு ஆடிய ஏனையோருக்கும், மாலைதோறும் எதிர்நின்று ஆடிப் பயிற்சி தந்த மாற்று ஆட்டக்காரர்களுக்கும் முழுமையாகவே உரியது.

மேடையில் நிற்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. கரவொலி அடங்கியதும், "எனக்குப் பந்து தந்தவன் அதோ நிற்கின்றான்" என்று அவன் ஒரு சொல் சொல்ல வேண்டும். அச்சொல்லால் அவன் புகழ் குறையாது. தோழனின் நெஞ்சில் தைத்த முள் நீங்கும். ஆட்டத்தைக் காண்போருக்கும் கடமை உண்டு. பந்து கூடையில் விழுவதை மட்டும் காணாமல், அது எந்தக் கைகளின் வழியாக வந்தது என்பதையும் கண்டு போற்றுதல் வேண்டும். காணாமல் வழங்கும் புகழ் பெறுபவருக்கும் சுமையே, பெறாதவருக்கும் துன்பமே.

மாணவர்கள் நாளை வயலிலும் தறியிலும் தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் பலரோடு கூடி உழைக்கப் போகின்றவர்கள். அங்கும் சிலர் மேடை ஏறுவர்; பலர் வரிசையில் நிற்பர். ஏறியவர் நின்றவரை மறவாமலும், நின்றவர் ஏறியவரை வெறுக்காமலும் வாழ்வதற்குரிய பயிற்சியை அவர்கள் இன்றே பள்ளித் திடலில் பெறுவார்களாக!